பேரத்தில் அவருக்கும் இடமுண்டு

"தம்பி, அவன்தான் ஒத்துக்கிட்டானே, நான் எதுக்கு வரணும்?" என்று மும்பையின் நீதிமன்றத் தாழ்வாரம் ஒன்றில் இன்று கேட்டார், தாராவியில் இட்லி விற்கும் பெரியவர்.

கையில் மராத்தி அறிவிப்பு. கட்டுப்போட்ட கால்.

அவரை வண்டியால் மோதியவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனைக் குறைப்புப் பேரம் கோரியிருக்கிறார்.

2006 முதல் நடைமுறையில் இருந்துவந்து, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ள இம்முறையில், அரசு வழக்கறிஞரும் குற்றம் சாட்டப்பட்டவரும் மட்டும் பேசி முடித்துவிட முடியாது; பாதிக்கப்பட்டவரையும் அழைக்க வேண்டும், அவர் விரும்பினால் தம் வழக்கறிஞருடன் பங்கேற்று இழப்பீடும் வழக்குக் காலச் செலவும் கேட்கலாம்.

அங்கே பேசாமல் விட்டால் பிறகு வழியில்லை என்றே சொல்லலாம். உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனுவும் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனுவும் தவிர அத்தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

இதை அவருக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல ஒருவரை அமர்த்துவது நீதிமன்றத்தின் கடமையாக வேண்டும்.