லண்டன் உணவகத்துக்கு ஒரு கிரீஸ் ட்ராப்: நாங்கள் கடந்து வந்த வழி

இங்கிலாந்தில் உணவகம் தொடங்க முனையும் நம்மவர்கள் பலர், கிரீஸ் ட்ராப் எனப்படும் கொழுப்புப் பிரிப்புத் தொட்டிக்கும் ஏதோ ஓர் அலுவலகத்தில் ஒரு படிவமும் ஒரு கட்டணமும் இருக்கும் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. உள்ளாட்சி மன்றமான கவுன்சிலில் கட்டட விதிமுறைகளைச் சரிபார்க்கும் பில்டிங் கண்ட்ரோல் பிரிவு, அதே கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரி, வட்டாரத்தின் கழிவுநீர்க் குழாய்களுக்குப் பொறுப்பான நிறுவனம், கட்டட உரிமையாளர் என நான்கு தரப்பினர் இந்த ஒரே தொட்டியைத் தத்தம் கோணத்தில் பார்க்கிறார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சான்றிதழ் தருகிறவர் எவரும் இல்லை. கிழக்கு லண்டனில் துணிக்கடையாக இருந்த ஓர் இடத்தைக் குத்தகைக்கு எடுத்து, தோசை, இட்லி, மதியச் சாப்பாடு என்று சைவ உணவகமாக மாற்றியபோது எங்களுக்கு நேர்ந்தவற்றை, இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

சட்டத்திலிருந்து தொடங்குவதே நல்லது. 1991ஆம் ஆண்டின் நீர்த்தொழில் சட்டத்தின் 111ஆம் பிரிவுதான் இதில் அடிப்படை. தொட்டி வைக்க வேண்டும் என்றோ, எத்தகைய தொட்டி என்றோ அப்பிரிவு சொல்வதில்லை. பொதுக் கழிவுநீர்க் குழாய்க்குச் சேதம் விளைவிக்கவோ அதன் ஓட்டத்தைத் தடுக்கவோ கூடிய எதையும் அதற்குள் விடுவது குற்றம் என்று மட்டுமே சொல்கிறது. குற்றம் நிரூபணமானால் வரம்பற்ற அபராதம் விதிக்கப்படலாம். 2 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. கருவியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நம்மிடமே விட்டுவிட்டு, விளைவுக்கு மட்டும் கணக்குக் கேட்கும் இத்தகைய சட்டம் பார்ப்பதற்குத் தாராளமாகத் தோன்றும். உண்மையில், 'இதை வைத்தால் போதும்' என்று எழுதிக் கொடுக்க ஆளில்லாததால், போதுமானதைச் செய்திருக்கிறோம் என்று காட்டும் சுமை முழுவதும் உணவகக்காரர் தலையில்தான் விழுகிறது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இல்லாமலில்லை. 1858ஆம் ஆண்டு கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் நாடாளுமன்றத்தையே திணறடித்த பிறகு ஜோசப் பசல்ஜெட் திட்டமிட்டுக் கட்டிய செங்கல் கால்வாய்கள் இன்றும் லண்டனின் கழிவுநீரைச் சுமக்கின்றன. சூடாக ஊற்றப்படும் எண்ணெய் இந்த நாட்டுக் குளிரில் குழாய்க்குள் உறைந்து, ஈரத் துடைப்பான்களோடு சேர்ந்து கல்லாக இறுகிவிடும். 2017இல் ஒயிட்சாப்பல் பகுதியின் கால்வாயில் கண்டுபிடிக்கப்பட்ட கொழுப்புக் கட்டி 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் கொண்டது என்று லண்டனின் கழிவுநீர் நிறுவனமான தேம்ஸ் வாட்டர் அறிவித்தது. அதன் ஒரு துண்டை மறு ஆண்டு லண்டன் அருங்காட்சியகம் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காட்டியது.

எங்கள் விஷயத்தில் முதல் கதவு பில்டிங் கண்ட்ரோல். 2020 செப்டம்பர் முதல் கடையும் உணவகமும் திட்டமிடல் விதிகளில் ஒரே 'ஈ' வகுப்பில் வந்துவிட்டதால், துணிக்கடையை உணவகமாக்குவதற்குப் பயன்பாட்டு மாற்ற அனுமதி தேவைப்படவில்லை. பின்சுவரில் ஏறும் புகைபோக்கிக்கு மட்டும் தனியாகத் திட்ட அனுமதி கேட்டோம். ஆனால் புதிய வடிகால் போடுவது கட்டட விதிமுறைகளின் எச் பகுதிக்குள் வருகிறது. தீப்பாதுகாப்பு ஆணைக்கு உட்பட்ட பணியிடம் என்பதால், வீடுகளுக்குக் கொடுப்பது போன்ற சுருக்க அறிவிப்பு செல்லாது. முழு வரைபடங்களையும் முன்கூட்டியே சமர்ப்பிக்க வேண்டும். எச் பகுதிக்கான அரசு வழிகாட்டி ஆவணம் இவ்விஷயத்தில் தெளிவாகவே பேசுகிறது: சூடான உணவு சமைக்கும் வணிகச் சமையலறையின் வடிகாலில் பிஎஸ் இஎன் 1825 தரநிலையின் முதல் பாகத்துக்கு ஏற்பச் செய்யப்பட்டு, இரண்டாம் பாகத்தின்படி அளவிடப்பட்ட பிரிப்பான் இருக்க வேண்டும், 'அல்லது கொழுப்பை அகற்றப் பயன்தரும் வேறு வழி' இருக்க வேண்டும்.

அந்த 'அல்லது' என்ற ஒற்றைச் சொல்லை நம்பித்தான் இந்த ஊரில் ஒரு விற்பனைத் துறையே நடக்கிறது என்பது என் கருத்து. கடையின் முன் உணவகப் பெயர்ப்பலகை ஏறிய உடனேயே விற்பனையாளர்கள் வந்துவிட்டார்கள். பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில் பொருந்தும் சிறு எஃகுப் பெட்டி ஒன்றைக் காட்டி, சட்டப்படி இது போதும் என்றார் ஒருவர். பெட்டியே வேண்டாம், நொதித் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் கொழுப்பைப் பாக்டீரியா தின்றுவிடும் என்றார் இன்னொருவர். எத்தனை பேருக்குச் சமைக்கிறீர்கள் என்று இருவருமே கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காத எவரிடமும் தொட்டி வாங்காதீர்கள் என்பேன்.

ஏனென்றால் தரநிலையின் இரண்டாம் பாகம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. எங்கள் வடிகால் வடிவமைப்பாளர் போட்டுக் காட்டிய கணக்கை அப்படியே தருகிறேன். நாளொன்றுக்கு 200 சாப்பாடு. உணவகங்களுக்குச் சாப்பாடு ஒன்றுக்கு 50 லிட்டர் நீர். ஆக 10,000 லிட்டர். மதிய நெரிசலைக் கணக்கில் கொள்ள 8.5 என்ற உச்சநேரக் காரணியால் பெருக்கி, சமையலறை இயங்கும் 10 மணி நேரத்தின் விநாடிகளால் வகுத்தால், விநாடிக்கு ஏறத்தாழ 2.36 லிட்டர் வருகிறது. நீரின் வெப்பம் 60 பாகைக்கு மேல் போகுமானால் இதை 1.3ஆல் பெருக்க வேண்டும், சோப்புத் திரவம் சேருமானால் மீண்டும் ஒரு 1.3ஆல். பாத்திரம் கழுவும் இயந்திரம் உள்ள இடத்தில் இரண்டுமே உண்டு. கொதிநீரும் சோப்பும் கொழுப்பைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைத்துவிடுவதால், அவை மேலெழுந்து பிரிய அதிக நேரமும் பெரிய தொட்டியும் வேண்டும் என்பதே இந்தப் பெருக்கலின் பொருள். இறுதி விடை 3.99, அதாவது 4 என்ற பெயரளவு எண் (பிரிப்பானின் அளவைக் குறிக்கும் எண்) கொண்ட பிரிப்பான். அதில் அடியில் படியும் மண்டிக்கு 400 லிட்டரும் மேலே மிதக்கும் கொழுப்புக்கு 160 லிட்டரும் குறைந்தபட்சம் இருக்க வேண்டும். சில பத்து லிட்டர்கள் மட்டுமே கொள்ளும் அந்தத் தொட்டியடிப் பெட்டியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விற்பனையாளர் ஏன் எண்களைப் பற்றிப் பேசவில்லை என்பது விளங்கும்.

நம் சமையலுக்கு மண்டி அறையின் அளவு தனி முக்கியத்துவம் உடையது. இங்குள்ள விளம்பரங்கள் எல்லாம் பன்றிக்கொழுப்பையும் வறுவல் எண்ணெயையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. எங்கள் வடிகாலில் இறங்குவதில் எண்ணெயைவிட அதிகம் கிரைண்டர் கழுவிய மாவுநீர், சோற்றுக் கஞ்சி, சாம்பார்ப் பருப்பு, தேங்காய்த் துருவல். இவை மிதப்பதில்லை; அடியில் போய்ப் படிந்து, காற்றில்லாத இடத்தில் அழுகி, முட்டை நாற்றம் அடிக்கும் வாயுவைக் கிளப்பும். ஆகவே மேலே எவ்வளவு கொழுப்புச் சேர்ந்திருக்கிறது என்பதை மட்டும் பார்த்துத் தொட்டியைக் காலி செய்யும் வழக்கம் தென்னிந்திய, ஈழத்துச் சமையலறைகளுக்குப் பொருந்தாது. குச்சியை அடிவரை விட்டு மண்டியின் உயரத்தையும் அளக்க வேண்டும்.

இத்தனை பெரிய தொட்டியை எங்கே வைப்பது என்பதில்தான் வேலை நீண்டது. சமையலறைக்குள் இடமில்லை, இருந்திருந்தாலும், உணவு தயாரிக்கும் இடத்தில் மூடியைத் திறந்து சுத்தம் செய்வதைச் சுகாதார அதிகாரி விரும்பமாட்டார் என்று எங்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. எஞ்சியது பின்முற்றம். அங்கே தோண்டுவதற்கு முன் குழாய்களுக்குள் கேமரா விட்டுப் படம் எடுத்தோம். அந்தச் செலவை யாரும் மிச்சம் பிடிக்க நினைக்கக் கூடாது. மேல்மாடிக் குடியிருப்புகளின் கழிப்பறைக் குழாய் எங்கள் சமையலறைக் குழாயோடு முற்றத்தின் நடுவில் சேர்வதை அந்தப் படமே காட்டியது. கொழுப்புப் பிரிப்பானுக்குள் கழிப்பறை நீர் வரவே கூடாது என்பதால், சமையலறைக் குழாயைத் தனியாகப் பிரித்துத் தொட்டியைக் கடந்த பிறகே மற்றதோடு சேர்க்க வேண்டியதாயிற்று.

பக்கத்துக் கடைகளின் கழிவுநீரும் அதே முற்றத்தின் அடியில் ஒரு குழாயில் போவதும் தெரியவந்தது. 2011 அக்டோபர் முதல், பல கட்டடங்கள் பகிர்ந்துகொள்ளும் பெரும்பாலான தனியார் கழிவுநீர்க் குழாய்கள் கழிவுநீர் நிறுவனங்களின் உடைமையாகிவிட்டன. நம் முற்றத்தில் இருந்தாலும் அது நம் குழாய் அன்று. அதன் 3 மீட்டருக்குள் கட்டுமானம் செய்ய நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதலுக்குக் காத்திருப்பதைவிடத் தொட்டியைச் சுவரோரமாக நகர்த்துவது எளிது என்று வடிவமைப்பாளர் முடிவு செய்தார். இடம் மாறியதும் வரைபடம் மாறியது. வரைபடம் மாறியதால், ஏற்கெனவே இசைவு தந்திருந்த கட்டட உரிமையாளரின் வழக்கறிஞர், கட்டடத்தில் மாற்றம் செய்வதற்கான அனுமதிப் பத்திரத்தைத் திருத்தி, குத்தகை முடியும்போது தொட்டியை அகற்றி முற்றத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துக்கொண்டார். அவருடைய கட்டணமும் நம்முடையதே.

தொட்டியைப் புதைத்த பிறகு இரண்டு சிறு விஷயங்கள் பெரிதும் உதவின. காற்றுப்போக்கிக் குழாயை மேல்மாடி ஜன்னல்களுக்கு மேலே, கூரைவரை கொண்டுபோனோம். அதனால் குடியிருப்பவர்களிடமிருந்து நாற்றப் புகார் எழவில்லை. தொட்டியின் வெளிவாயிலை அடுத்து, மாதிரி எடுப்பதற்கான சிறு குழி ஒன்றையும் அமைத்தோம். அங்கே வரும் நீரைக் கண்ணால் பார்த்தாலே தொட்டி வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும்.

கழிவுநீர் நிறுவனத்தின் சார்பில் அதிகாரி வந்தது திறப்புக்குச் சில மாதங்கள் கழித்து. அவர் தொட்டியின் மூடியைத் திறக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவரோ முதலில் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று, தட்டுகள் கழுவும் தொட்டிக்குள் போவதற்கு முன் எச்சில் உணவு வழிக்கப்படுகிறதா, எண்ணெய்ச் சட்டி காகிதத்தால் துடைக்கப்படுகிறதா, வடிகாலில் சல்லடை இருக்கிறதா என்று பார்த்தார். பிறகுதான் தொட்டியும் காகிதங்களும். அளவுக் கணக்கு, காலி செய்த தேதிகளின் பதிவேடு, கழிவை எடுத்துச் சென்றவரின் ஒப்படைப்புச் சீட்டுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருந்தோம். தரநிலை, மாதம் ஒரு முறையாவது, முடிந்தால் இரு வாரத்துக்கு ஒரு முறை, தொட்டியைக் காலி செய்து சுத்தமான நீர் நிரப்பச் சொல்கிறது. நாங்கள் இரு வாரக் கணக்கில் ஒப்பந்தம் செய்திருந்தது அவருக்குத் திருப்தியளித்தது.

ஒப்படைப்புச் சீட்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொரித்து முடித்த எண்ணெயும் தொட்டிக் கழிவும் சட்டத்தின் பார்வையில் வேறு வேறு. எண்ணெய்க்குக் கழிவு வகைக் குறியீடு 20 01 25. அது பயோடீசலுக்குப் போவதால் எடுப்பவர் நமக்குப் பணம் தருவதும் உண்டு. தொட்டிக் கழிவுக்கு 19 08 09. அதை எடுக்க நாம்தான் பணம் கொடுக்க வேண்டும். எடுப்பவர் சுற்றுச்சூழல் முகமையில் பதிவுபெற்றவரா என்பதை இணையத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். சீட்டுகளை 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மலிவாக அள்ளிப்போகிறேன் என்று வேனோடு வருகிறவர் அதை வேறெங்காவது கொட்டினால், விசாரணை நம் வாசலுக்கும் வரும்.

அன்று அந்த அதிகாரி கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் எங்களிடம் உடனே பதில் இல்லை. கிரைண்டரின் அளவைப் பார்த்துவிட்டு, மாவைப் பொட்டலமாக வெளிக் கடைகளுக்கும் விற்கிறீர்களா என்றார். விற்கும் எண்ணம் எங்களுக்கு இருந்தது. இங்கே அமர்ந்து உண்பவர்களுக்குச் சமைப்பது ஒன்று. வெளியே விற்க உணவு உற்பத்தி செய்வது வேறு. பின்னதில் வெளியேறும் நீர் தொழிற்கழிவாகக் கருதப்படும் என்றும், அதே நீர்த்தொழில் சட்டத்தின் 118ஆம் பிரிவின்படி கழிவுநீர் நிறுவனத்தின் இசைவை முன்கூட்டியே பெற வேண்டும் என்றும் அவர் விளக்கினார். இந்தத் தொட்டியின் அளவுக் கணக்கும் சாப்பாட்டு எண்ணிக்கையை வைத்துப் போடப்பட்டதே தவிர, மாவு அரைக்கும் அளவை வைத்து அன்று. எனவே மாவு விற்பனையை ஒத்திவைத்துவிட்டு, அதற்கான நீரளவையும் மண்டியளவையும் தனியே கணக்கிடும்படி வடிவமைப்பாளரிடம் கேட்டிருக்கிறோம்.