அப்பாவின் இயந்திரத்தில் இருந்த ஊர்

அப்பா வேலை பார்த்த நூற்பாலைக்குள் நான் முதன்முதலில் நுழைந்தது ஆறாம் வகுப்புக் கோடை விடுமுறையில். தூக்குச்சட்டியில் சோற்றைக் கொடுத்துவிட்டு உடனே திரும்ப வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தார். நானோ நூல் நூற்கும் ஒரு ரிங் ஃபிரேமின் தலைமாட்டில் நின்றுவிட்டேன். பஞ்சுத் தூசி அப்பிய இரும்பில் ஆங்கில எழுத்துகள் புடைப்பாக வார்க்கப்பட்டிருந்தன. விரலால் துடைத்துத் துடைத்து எழுத்துக்கூட்டினேன்: ஹோவர்ட் அண்ட் புல்லோ, அக்ரிங்டன். அப்பா அங்கே சைடர். ஃபிரேமின் நீளத்துக்கும் நடந்துகொண்டே அறுந்த இழைகளை ஒட்டுவது அவர் வேலை. அக்ரிங்டன் என்றால் என்ன என்று கத்திக் கேட்டேன். நூல் சுற்றும் கதிர்கள் சுழலும் இரைச்சலில் கத்தினால்தான் கேட்கும். "இந்த மெஷின் பிறந்த ஊர், கண்ணு" என்றார்.

அந்தப் பெயரை மறுபடி சந்தித்தது 2006-இல். அக்ரிங்டன் ஸ்டான்லி என்ற கால்பந்து கிளப் 44 ஆண்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்தின் லீக்குக்குத் திரும்பியது என்று ஒரு செய்தி. விரல் நுனியில் பஞ்சுத் தூசி ஒட்டியது போலவே இருந்தது. அன்று இரவு முழுக்க உட்கார்ந்து படித்தேன். அன்று தொடங்கியது இன்னும் ஓயவில்லை. பகலில் சேலம் குகைப் பகுதியில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன். இரவில், அக்ரிங்டன் இருக்கும் வட இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலை ஊர்களின் கால்பந்து வரலாற்றைத் தேடிப் படிக்கிறேன்.

சனிக்கிழமைகளில் அங்கே பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கினால் இங்கே இரவு எட்டரை. அவர்களுடைய கோடை நேரக் கணக்கில் ஏழரை. கடையடைத்து வீடு வந்து சேர்வதற்குச் சரியாக இருக்கும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பாவடி என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நெசவாளர்கள் பாவை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளை, விரித்துக் கஞ்சி போடுவதற்கென்று விடப்பட்ட நீண்ட பொது நிலம் அது. விடியற்காலையில் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இழை இழையாகப் பிரித்து ஆற்றி, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு மாலை வரை அது எங்கள் மைதானம். கோல் கம்பங்களாகப் பாவுக் குச்சிகளையே நட்டோம். அதிகாலையில் பந்தை எடுத்துக்கொண்டு போனால் உதை விழும். ஒருமுறை என் பந்து விரித்திருந்த பாவின் மேல் விழுந்து, ஒரு பெரியவரின் அரைநாள் உழைப்பு சிக்கலாகிப் போனது. அவர் அடிக்கவில்லை. உட்கார்ந்து ஒவ்வோர் இழையாக எடுத்துப் பிரித்துக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அடியைவிடக் கொடுமையாக இருந்தது.

அந்தப் பாவடியில் ஆடியவன் என்பதால்தான் பிளாக்பர்ன் ஒலிம்பிக் கதை என்னை அப்படி உலுக்கியது என்று நினைக்கிறேன். தோற்றால் வெளியேற வேண்டிய இங்கிலாந்துக் கால்பந்துப் போட்டியான எஃப்.ஏ. கோப்பை 1871-இல் தொடங்கியதிலிருந்து முதல் பதினொரு முறையும் அது தெற்கத்திய கனவான்களின் கைகளில்தான் இருந்தது: பழைய மாணவர் அணிகள், ராணுவப் பொறியாளர்கள், பல்கலைக்கழகத்தார். 1883 மார்ச் 31 அன்று லண்டனின் கென்னிங்டன் ஓவல் மைதானத்தில் பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்களை எதிர்த்து இறங்கிய பிளாக்பர்ன் ஒலிம்பிக் அணியில் நெசவாளர்கள் இருந்தார்கள், நூற்பவர் இருந்தார், இரும்பு வார்ப்பட்டறைத் தொழிலாளி இருந்தார், குழாய் பொருத்துபவர் இருந்தார், பல் மருத்துவரின் உதவியாளர் ஒருவரும் இருந்தார். உள்ளூர் வார்ப்பட்டறை முதலாளி ஒருவர் பணம் கொடுக்க, ஆட்டத்துக்கு முன் கடலோர பிளாக்பூலுக்குப் போய்த் தங்கிப் பயிற்சி செய்தார்கள். ஒரு கோல் பின்தங்கி, சமன் செய்து, கூடுதல் நேரத்தில் வென்றார்கள். வெற்றி கோலை அடித்த ஜிம்மி காஸ்ட்லி பஞ்சாலையில் நூற்பவர். ஈட்டன் அணியில் ஒருவர் காயம்பட்டு வெளியேறியதால் அவர்கள் பத்துப் பேராக ஆடினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அதன் பிறகு 1901-இல் லண்டனின் டாட்டன்ஹாம் வெல்லும்வரை கோப்பை தெற்கே திரும்பவில்லை.

ஆறே ஆண்டுகள். 1889-இல் ஒலிம்பிக் அணி கலைக்கப்பட்டது. 1885-இல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது சட்டபூர்வமானதும், அதே ஊரின் பணக்கார அணியான பிளாக்பர்ன் ரோவர்ஸ் கொடுத்ததை இவர்களால் கொடுக்க முடியவில்லை. 1888-இல் பன்னிரண்டு அணிகளோடு லீக் தொடங்கியபோது பிளாக்பர்னிலிருந்து ரோவர்ஸுக்குத்தான் அழைப்பு. கோப்பையை முதன்முதலில் வடக்கே கொண்டுவந்த தொழிலாளர் அணிக்கு இடமில்லை. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ மறைந்துவிட்டாலும் அதன் முகப்பு வளைவாவது நிற்கிறது. போகிற வருகிறவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். ஒலிம்பிக் அணிக்கு அப்படி ஒரு வளைவு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிளாக்பர்னுக்குப் பக்கத்து ஊர் டார்வென். இந்த ஊர்ப் பெயரைத் தெரியாதவர்களும் அதன் படம் ஒன்றைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். 1931 செப்டம்பரில் வட்டமேசை மாநாட்டுக்காக இங்கிலாந்து போன காந்தி, லங்காஷயர் சென்று ஆலைத் தொழிலாளர்களைச் சந்தித்தார். பஞ்சாலைப் பெண்கள் சூழ்ந்து நின்று உற்சாகமாக ஆரவாரம் செய்ய, நடுவில் வெள்ளைத் துணி போர்த்திய காந்தி சிரித்துக்கொண்டு நிற்கிற படம் டார்வெனில் எடுத்தது. எங்கள் தெரு நெசவாளர் கூட்டுறவு சங்க அலுவலகத்தில் அது சட்டம் போட்டு மாட்டியிருந்தது. நம் அந்நியத் துணிப் புறக்கணிப்பால் வேலை இழந்த ஊர் அது. அந்தப் பெண்கள்தான் அப்படி ஆரவாரம் செய்தார்கள்.

அதே டார்வென் 1879-இலேயே எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதிவரை போனது. எதிரணி அதே ஈட்டன்காரர்கள். 5-1 என்று தோற்றுக்கொண்டிருந்த ஆலைத் தொழிலாளர்கள் கடைசிக் கட்டத்தில் நான்கு கோல்கள் அடித்து 5-5 ஆக்கினார்கள். கூடுதல் நேரம் ஆடலாம் என்றார்கள் இவர்கள், ஈட்டன்காரர்கள் மறுத்துவிட்டார்கள். மறு ஆட்டமும் லண்டனில்தான். ஊரே சில்லறை சில்லறையாகப் பணம் திரட்டி ரயிலேற்றி அனுப்பியது. அது 2-2. மூன்றாவது முறையும் லண்டன். களைத்துப்போன கால்களோடு 6-2 என்று தோற்றார்கள். பிறகு லீக்கிலும் சில ஆண்டுகள் ஆடினார்கள். 1898-99 பருவத்தில் தொடர்ந்து 18 ஆட்டங்களில் தோற்று வெளியேறினார்கள். 2009-இல் அந்த கிளப் மூடப்பட்டு, வேறு பெயரில் புதிதாகத் தொடங்கப்பட்டது.

நண்பர் ஒருவர் என்னிடம் கோபமாகவே கேட்டார்: நம் முப்பாட்டன்களின் தறியை நிறுத்தியது லங்காஷயர் துணி, அந்த ஊர் அணி தோற்றதற்கு நீ ஏன் அண்ணா வருந்துகிறாய் என்று. நியாயமான கேள்வி. அந்தத் துணியை இங்கே கொண்டுவந்து கொட்டுவது என்று முடிவு செய்தவர்கள் தறியடியில் நின்றவர்கள் இல்லை. சனிக்கிழமை மதியம் ஆலைச் சங்கு ஊதியதும் மைதானத்துக்கு ஓடியவர்களும் இல்லை. அந்தப் படத்தில் நிற்கிற பெண்களின் வீட்டு ஆண்கள்தான் இந்த அணிகளின் ஆட்டக்காரர்கள், ரசிகர்கள். என் அப்பாவைப் போல இழை ஒட்டியவர்கள். அவர்களை நான் எப்படி எதிரியாக நினைப்பேன்?

முதலாளிகளின் கதை வேறு. பிரெஸ்டன் நார்த் எண்ட் அணியை உருவாக்கிய வில்லியம் சடல் ஒரு பஞ்சாலை மேலாளர். ஸ்காட்லாந்திலிருந்து ஆட்டக்காரர்களை வரவழைத்துச் சம்பளம் கொடுத்தார். ஊர் முழுக்க ஒளித்துச் செய்ததை 1884-இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டவரும் அவரே. 1888-89-இல் முதல் லீக் பருவத்தில் 22 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல், எஃப்.ஏ. கோப்பையை ஒரு கோல்கூட வாங்காமல் வென்றது அவருடைய அணி. 1895-இல் ஆலைப் பணத்தைக் கையாடியதற்காக அவருக்கு மூன்று ஆண்டுச் சிறை. அந்த அணி 1890-க்குப் பிறகு லீக் பட்டத்தை வெல்லவே இல்லை.

இனி அக்ரிங்டன். 1888-இல் லீக்கைத் தொடங்கிய பன்னிரண்டில் அக்ரிங்டனும் ஒன்று. 1893-இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்க மறுத்து லீக்கை விட்டு விலகியது. சில ஆண்டுகளில் மறைந்தது. அந்த ஊரில் ஸ்டான்லி தெருவின் பெயரைத் தாங்கிப் பிறந்த இன்னொரு அணிதான் அக்ரிங்டன் ஸ்டான்லி. 1921-இல் லீக்கில் சேர்ந்தது. 1950-களின் இறுதியில் ஆல்டர்ஷாட்டில் ராணுவக் காட்சிகளுக்காகக் கட்டிய பார்வையாளர் மேடையை விலைக்கு வாங்கிப் பெயர்த்துக் கொண்டுவந்து பொருத்தினார்கள். அந்தச் செலவு கழுத்தை நெரித்தது. அதே ஆண்டுகளில்தான் லங்காஷயரில் தறிகளையும் கதிர்களையும் உடைத்துப் போட அரசே பணம் கொடுத்தது. அதற்கென்று 1959-இல் ஒரு சட்டமே வந்தது. 1962 மார்ச்சில், பருவம் முடிய இன்னும் ஆட்டங்கள் இருக்கும்போதே, கடன் தாளாமல் விலகல் கடிதம் கொடுத்தது ஸ்டான்லி. சில நாட்களில் மனம் மாறிக் கடிதத்தைத் திரும்பக் கேட்டார்கள். லீக் கொடுக்கவில்லை.

அவர்களுடைய இடத்துக்கு அந்த ஆண்டு லீக்கில் சேர்க்கப்பட்டது ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட். 1968-இல் அக்ரிங்டன்காரர்கள் மறுபடி கிளப்பைத் தொடங்கி, அடிமட்டத்திலிருந்து படிப்படியாக ஏறி 2006-இல் திரும்பி வந்தபோது, அந்த ஆண்டு லீக்கிலிருந்து இறங்கிய இரண்டு அணிகளில் ஒன்று அதே ஆக்ஸ்ஃபோர்டு. இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டியபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மறுபடி படி" என்றார்.

பர்ன்லியைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். 1960-இல் இங்கிலாந்தின் சாம்பியன். 1987-இன் கடைசி ஆட்டத்தில் ஓரியண்ட் அணியை 2-1 என்று வென்றதால்தான் லீக்கிலேயே தங்கியது. பிளாக்பர்ன் ரோவர்ஸ், உள்ளூர் எஃகு வணிகர் ஜாக் வாக்கரின் பணத்தில் 1995-இல் பட்டம் வென்றது. 2010-இல் புணேயின் கோழித் தொழில் நிறுவனமான வெங்கீஸ் அதை வாங்கியது. 2012-இல் முதல் பிரிவிலிருந்து இறங்கி, 2017-இல் மூன்றாம் பிரிவுக்கே போய், அடுத்த ஆண்டே இரண்டாம் பிரிவுக்கு ஏறியது. சேலத்தில் இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை.

என்னால் இன்னும் அமைதியாகப் படிக்க முடியாதது பெரி அணியின் கதை. 1885-இல் பிறந்த பஞ்சாலை ஊர் அணி. 1900-இலும் 1903-இலும் எஃப்.ஏ. கோப்பை. இரண்டாவது முறை டார்பி கவுண்டியை 6-0 என்று வென்றார்கள்; இறுதி ஆட்டத்தில் அதைவிடப் பெரிய வித்தியாசம் இன்றுவரை கிடையாது, 2019-இல் மான்செஸ்டர் சிட்டி சமன் செய்தது அவ்வளவுதான். அதே 2019 வசந்தத்தில் பெரி மூன்றாம் பிரிவுக்கு உயர்வு பெற்றது. ஆனால் அதற்கு முந்தைய டிசம்பரிலேயே கிளப் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியிருந்தது. சம்பளம் பாக்கி, கடன் பாக்கி, கடனை அடைக்கப் பணம் இருக்கிறது என்று காட்டும் சான்று இல்லை. ஆட்டங்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிவைக்கப்பட்டன.

ஆகஸ்ட் 27. கிளப்பை வாங்க ஆள் வந்துவிட்டார், வார இறுதியில் ஆட்டம் நடக்கும் என்ற நம்பிக்கையில், மைதானத்தைச் சுத்தம் செய்ய வாருங்கள் என்று அழைப்பு போனது. கிக் லேன் மைதானத்துக்கு நூற்றுக்கணக்கானவர்கள் துடைப்பமும் வாளியுமாக வந்தார்கள். இருக்கைகளைத் துடைத்தார்கள், களை பிடுங்கினார்கள். நம் ஊரில் மாரியம்மன் பண்டிகைக்கு முன் கோயில் வாசலைக் கழுவிவிடுவார்களே, அப்படி. அன்று இரவே வாங்க வந்தவர்கள் பின்வாங்கியதும் பெரி லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. துடைத்து வைத்த இருக்கைகளில் உட்கார ஆட்டம் இல்லை.

ரசிகர்கள் தாங்களே புதிய அணி ஒன்றைத் தொடங்கிக் கீழ்மட்ட லீக்கில் ஆடினார்கள். பழைய பெயரோடும் மைதானத்தோடும் இணைவதா என்பதில் ஊர் இரண்டுபட்டது. முதல் வாக்கெடுப்பில் போதிய ஆதரவு கிடைக்கவில்லை. 2023-இல் இரண்டாவது வாக்கெடுப்பில் கிடைத்தது. அந்த ஆண்டே கிக் லேனில் பெரி மறுபடி இறங்கியது, உச்சியிலிருந்து பல படிகள் கீழே.

எங்கள் தெரு அணிக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. அணியில் பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போனார்கள். கைத்தறிகள் குறைந்து பாவு விரிப்பது நின்றதும், பாவடியின் ஒரு பக்கம் தகரக் கொட்டகை முளைத்தது, மறுபக்கம் வேன்கள் நிற்கத் தொடங்கின. யாரிடம் சொல்லியும் பயனில்லை. கடைசியாக ஆடிய நாள் எது என்றுகூட எனக்கு நினைவில் இல்லை. அன்று யாருக்கும் அது கடைசி என்று தெரியாது. அதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

எதிர்வீட்டு அத்தை பாவு பிணைப்பார். தறியில் பழைய பாவு தீரும்போது, தறியில் இழைகளைக் கோத்துப் பிடிக்கும் விழுதுக்குள் நிற்கிற பழைய இழையின் நுனியோடு புதிய பாவின் இழையைச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டுத் திரிப்பார். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்று விடாமல். பழைய நுனியைத் தவறவிட்டால் எல்லா இழையையும் விழுதில் முதலிலிருந்து கோக்க வேண்டும். பெரி வாக்கெடுப்புச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அத்தையின் சாம்பல் படிந்த விரல்கள்தான் நினைவுக்கு வந்தன.

அப்பாவுக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. ஆலைச் சத்தத்தில் போன காது திரும்பவில்லை. சனிக்கிழமை இரவு நான் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினால் புரிந்துகொள்கிறார். நேற்றும் கேட்டார்.

"அந்த மெஷின் ஊர் என்ன ஆச்சு?"

"ஒன்றுக்கு ஒன்று, அப்பா" என்று அவர் காதருகில் கத்தினேன். "இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது."

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.