பென்குயின் ஊரில் உட்காரக் கூடாது

அன்டார்டிகா போகிறோம் என்றதும் நங்கநல்லூரில் எல்லோரும் கேட்டது, குளிர் தாங்குமா என்றுதான். மார்கழிக் காலையில் குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு கோலம் போடுகிற என் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனால் கேட்கத்தான் செய்வார்கள். குளிர் ஒன்றும் செய்யவில்லை. கோடைக்காலத்தில், கப்பல் போகிற அன்டார்டிகா தீபகற்பத்தில் பூஜ்யம் டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. மேல்கோட்டும் ரப்பர் பூட்ஸும் கப்பலிலேயே கொடுத்தார்கள். எங்களைப் படுத்தியதெல்லாம் வேறு.

கப்பல் கிளம்புவது அர்ஜென்டினாவின் தென்கோடியில் இருக்கும் உசுவாயாவிலிருந்து. அமெரிக்க விசா வைத்திருக்கும் இந்தியர்களிடம் 2025 ஆகஸ்டிலிருந்து அர்ஜென்டினா தனி விசா கேட்பதில்லை. அக்கா மகள் அமெரிக்காவில் இருப்பதால் எங்கள் இருவரிடமும் அந்த விசா இருந்தது. டிக்கெட்டில்தான் மாட்டிக்கொண்டோம். புவெனஸ் அய்ரெஸில் எசெய்சா விமான நிலையத்தில் இறங்கி, நான்கே மணி நேரத்தில் இன்னொரு விமான நிலையமான ஏரோபார்க்கேயில் அடுத்த விமானம் என்று ஏஜென்ட் போட்டிருந்தார். இரண்டும் வேறு வேறு மூலை. மீனம்பாக்கத்தில் இறங்கி எண்ணூரில் ரயிலேறச் சொல்வது போல. சண்டை போட்டு மாற்றி, ஓர் இரவு அங்கே தங்கினோம்.

கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைப் பாருங்கள். 500 பயணிகளுக்கு மேல் ஏற்றும் கப்பலிலிருந்து யாரையும் கரையில் இறக்க மாட்டார்கள். மலிவாகத் தெரிகிற பயணம் பல சமயம் அதுதான். சின்னக் கப்பலிலும் ஒரே நேரத்தில் 100 பேர்தான் கரையில் நிற்கலாம்.

நடுவில் இருக்கும் கொந்தளிப்பான டிரேக் நீரிணையைக் கடக்க இரண்டு நாள். வாந்திக்கு ஏவோமின் மாத்திரை, சுக்கு, இஞ்சி மரப்பா எல்லாம் இருந்தும் முதல் நாள் கட்டிலை விட்டு எழவில்லை. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

இரண்டாம் நாள் சுத்தப் பரிசோதனை. வெளியூர் விதையோ மண்ணோ கரைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக, கொண்டுவந்த பை, கையுறை, கோட்டுப் பை எல்லாவற்றையும் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுகிறார்கள். வெல்க்ரோ ஒட்டுப் பட்டையை லென்ஸ் வைத்துப் பார்க்கிறார்கள். நான் கொண்டுபோயிருந்தது தினமும் நடைப்பயிற்சிக்குத் தூக்கிப் போகும் பை. அதன் பட்டையிலிருந்து பரிசோதித்த பெண் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தாள். எல்லாம் நாயுருவி விதை! பெட்டிக்குள் வைத்த ஊறுகாயைப் பற்றித்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். அது அறையிலேயே இருக்கலாம், கரைக்குத்தான் எந்தச் சாப்பாடும் போகக் கூடாதாம்.

கரையில் இன்னொரு விதி. பறவைக் காய்ச்சல் பரவிய பிறகு தரையில் உட்காரக் கூடாது, மண்டியிடக் கூடாது, பையைக்கூடக் கீழே வைக்கக் கூடாது. அக்காவுக்கோ முழங்கால் வலி. முதல் நாள் ஒரு மணி நேரம் நின்றதிலேயே முகம் சுருங்கிவிட்டது. "நடைபாதையில கூட உக்கார விடுவாங்களேடி" என்றாள். வழிகாட்டியிடம் சொன்னதும் அடுத்த நாளிலிருந்து அவளைப் படகில் சுற்றும் குழுவில் போட்டார்கள். சோடியாக் என்கிற ரப்பர் படகின் விளிம்பில் உட்கார்ந்தபடியே பனிப்பாறைகளைச் சுற்றி வரலாம். மூட்டுவலிக்காரர்கள் முதலிலேயே கேட்டுவிடுங்கள். படகில் ஏறும்போது கைக்குக் கை பிடிக்கக் கூடாது. நம் மணிக்கட்டை மாலுமியும் அவர் மணிக்கட்டை நாமும் பிடிக்க வேண்டும். கை ஈரமானாலும் வழுக்காது.

ஆனாலும் கடைசிக் கரையிறக்கத்துக்கு, ஊன்றுகோலோடு அவளும் வந்தாள். கருவாட்டுக் கிடங்கு வாசனை. பென்குயினிடமிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், அதுவாக நெருங்கினால் அசையாமல் இருக்க வேண்டும். ஜென்டூ பென்குயின் ஒன்று பக்கத்துக் கூட்டிலிருந்து கூழாங்கல்லைக் கவ்விக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. "நம்ம எதிர்வீட்டுக்காரர் ராத்திரியில செங்கல் எடுத்த மாதிரியே போகுது பாரு" என்று மூச்சு விடாமல் சொன்னாள். திரும்பும்போது பூட்ஸோடு அவள் ஊன்றுகோலையும் மருந்துத் தண்ணீரில் முக்கித் தேய்த்துக் கொடுத்தார்கள்.

பயணக் கட்டணத்தோடு பிடித்த டிசிஎஸ் வரி மட்டும் பாக்கி. வருமான வரிக் கணக்கில் காட்டித்தான் திரும்ப வாங்க வேண்டும். ரசீதை அக்கா எங்கேயோ பத்திரமாக வைத்திருக்கிறாளாம். தேடிக்கொண்டிருக்கிறோம்.