திங்கட்கிழமை பத்து மணிக் கூட்டம்

2020 செப்டம்பர். வாஷிங்டன் பக்கம் எல்லோருக்கும் வீட்டிலிருந்தே வேலை. எங்கள் மேலாளர் யூதப் பெண்மணி. 28ஆம் தேதி யோம் கிப்பூர் (பாவமன்னிப்புக் கேட்டு நோன்பிருக்கும் யூதப் புனித நாள்), விடுப்பு என்று ஒரு மாதம் முன்பே சொல்லியிருந்தார். நான்தான் கவனிக்காமல் அன்று காலை பத்து மணிக்கு ஒரு கூட்டம் போட்டேன். அவர் ஞாபகப்படுத்தியதும், "ஒரு மணி நேரம்தானே, போனில் வந்துவிட்டுப் போங்களேன்" என்று எழுதினேன். பதில் வரவில்லை.

18ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை, யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா பிறக்கிற நேரத்தில், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் யூத நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் இறந்துபோனார். வயது 87. அன்றிரவே நீதிமன்றப் படிகளில் கூட்டம் கூடியது. பூ, மெழுகுவர்த்தி, நடுவே சிலர் இறந்தவர்களுக்கான யூதப் பிரார்த்தனையான கடிஷ் சொன்னார்கள். புத்தாண்டிலிருந்து யோம் கிப்பூர் வரை பத்து நாள், செய்த தவறுகளை எண்ணிப் பார்க்கிற காலம். சக மனிதருக்குச் செய்ததை அவரிடமே போய்க் கேட்டுத் தீர்க்க வேண்டும். கடவுளிடம் கேட்டால் போதாது.

புதன்கிழமை நீதிமன்ற முகப்பில், தூண்களுக்கு நடுவே சவப்பெட்டியை வைத்தார்கள். வரிசையில் நின்று பார்த்துவிட்டு மேலாளர் மாலையில் என்னைக் கூப்பிட்டார். அழுத குரல். கின்ஸ்பர்க் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்தேன்.

"மார்ச்சில் நீங்கள் எழுதிய அறிக்கை என் பெயரில் போய்விட்டது. நான் திருத்தவில்லை. மன்னிப்பீர்களா?"

"அதையா? மறந்தே போச்சு" என்றேன். (மறக்கவில்லை.)

"அப்படிச் சொல்லாதீர்கள். உண்டு, இல்லை என்று சொல்லுங்கள்."

உண்டு என்றேன். அப்புறம்தான் கின்ஸ்பர்க் பற்றிப் பேச்சு வந்தது. இனவெறியை எதிர்த்துத் தேசிய கீதத்தின்போது மண்டியிட்ட அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக்கை 2016இல் கடுமையாகப் பேசிவிட்டு, விவரம் தெரியாமல் சொன்னேன் என்று சில நாளிலேயே வருத்தம் தெரிவித்தவர் அவர். "அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும்" என்றார் மேலாளர். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: யோம் கிப்பூர் அன்று உச்ச நீதிமன்றம் வாதம் கேட்பதில்லை, கின்ஸ்பர்க்கும் சக யூத நீதிபதி பிரையரும் கேட்டு வாங்கிய ஏற்பாடு அது.

என் கூட்டத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. எனக்குத்தான் காது சுட்டது.

"அந்தப் பத்து மணிக் கூட்டம்... தப்பு என்னுடையது. மன்னிப்பீர்களா?"

கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் "உண்டு" என்றார்.

கூட்டத்தைச் செவ்வாய்க்கு மாற்றினேன். கின்ஸ்பர்க்கை ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்ததும் அன்றுதான். மேலாளர் சரியாகப் பத்து மணிக்கு வந்தார். கேமராவை மட்டும் கடைசி வரை போடவில்லை.