இருபது மடங்கு ஆட்டம்

காலைல ஆறரைக்கு தேரூர் குளத்தங்கரைல நின்னு என் பைனாகுலர்ல பாத்தா குளம், தாமரை, பின்னால மலை எல்லாம் சேந்து ஆடுது.

போன வருஷம் ஆன்லைன்ல ஆசப்பட்டு வாங்குனது. 20×50, அதாவது இருபது மடங்கு பெருசா காட்டும், முன்னால உள்ள கண்ணாடி 50 மில்லிமீட்டர் அகலம். நம்பர் பெருசா இருந்தா சாமானும் பெருசுன்னு நெனச்ச புத்தி.

பக்கத்துல நின்ன ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தரு நான் படுற பாட்ட பாத்துட்டு "மக்கா, இத வச்சு பாரு"ன்னு கழுத்துல கெடந்தத கழத்தி குடுத்தாரு. 8×42.

இலைக்கோழி ஒண்ணு. தாமரை இலை மேல நடக்குது, அந்த நீட்டு விரல விரிச்சு வைக்கும்போ இலை லேசா தாழுது, ஓரத்துல தண்ணி ஏறுது, அதுக்குள்ள அடுத்த இலைக்கு போயாச்சு. விரல் நகம் வர தெரிஞ்சுது, சத்தியமா.

வெறும் எட்டு மடங்குதான்!

சாரு கணக்கு சொன்னாரு. 42ஐ 8ஆல வகுத்தா 5.25 மில்லிமீட்டர், அவ்ளோ அகலத்துல வெளிச்சம் கண்ணுக்கு வருது, என்னதுல 50ஐ 20ஆல வகுத்தா 2.5தான், விடியக்காலம் இருட்டாத்தான் தெரியும், போதாததுக்கு கை நடுங்குறதையும் 20 மடங்கா காட்டும், ஸ்டாண்டு இல்லாம ஒண்ணும் நடக்காது.

வாங்கும்போ வெளிச்சத்துக்கு நேரா கொஞ்சம் தள்ளி புடிச்சு பாக்கணுமாம் (சூரியனுக்கு நேரா இல்ல). கண்ணு வைக்குற பக்கம் தெரியுற வெளிச்சம் முழு வட்டமா இருக்கணும். என்னத புடிச்சு பாத்தோம், நாலு ஓரமும் வெட்டி எடுத்த மாதிரி சதுரம்.

சாரு ஒண்ணும் சொல்லல, சிரிச்சாரு.

அவருதுக்கு வெல கேட்டேன். சொன்னாரு. ரெண்டு கையாலயும் பத்திரமா திருப்பி குடுத்துட்டேன்.