வி.எம். பேக்கப்பில் இருந்து விலைகளை மட்டும் மீட்டது

ஒரு மளிகை மொத்தக் கடையின் பில்லிங் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரே மெஷினில் பல வி.எம்.களை (மென்பொருளால் உருவான மெய்நிகர் கணினிகள்) ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸில் ஓடும் உபுண்டு வி.எம்., அதற்குள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். போன மாதம் ஒரு நாள் பகல் 11.40-க்கு ஒரே ஒரு பொருளின் விலையைத் திருத்த நேரடியாக அப்டேட் கட்டளை கொடுத்தேன். எந்தப் பொருளுக்கு என்று சொல்லும் நிபந்தனையை எழுத விட்டுப்போயிற்று. 14,212 பொருட்களும் 48 ரூபாய் ஆகிவிட்டன. கல்லாவில் இருந்த அக்கா கூப்பிட்டு, "தம்பி, பருப்பு மூட்டையும் 48, தீப்பெட்டி பண்டலும் 48னு காட்டுது" என்றபோது வயிற்றைக் கலக்கியது. முதலில் பில் போடுவதை நிறுத்தச் சொன்னேன்.

கையில் இருந்தது அதிகாலை 2 மணிக்கு எடுத்த வி.எம். பேக்கப் மட்டும். டேட்டாபேஸில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும் டபிள்யூ.ஏ.எல். கோப்புகளைத் தனியாகச் சேர்த்து வைக்காததால் 11.39-க்குத் திரும்ப வழியில்லை. இருக்கிற வி.எம். மேலேயே ரீஸ்டோர் செய்தால் விலை வந்துவிடும், ஆனால் காலையில் போட்ட பில்கள் எல்லாம் போய்விடும். அதைச் செய்யவே கூடாது என்று முடிவு செய்தேன்.

அதனால் 901 என்ற புது எண்ணில், புது மேக் முகவரியோடு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) பக்கத்தில் ரீஸ்டோர் செய்தேன். 35 நிமிடம் ஆனது. ஆன் செய்வதற்கு முன் நெட்வொர்க் கார்டைத் துண்டித்தேன், இது ரொம்ப முக்கியம்: உள்ளே இருப்பது அசல் சர்வரின் அதே ஐபி முகவரி, போதாததற்கு பாக்கி வைத்தவர்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்பும், குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலையும் அதில் இருக்கிறது, அந்த நகல் விழித்ததும் பழைய பாக்கிக் கணக்கோடு வாடிக்கையாளர்களுக்கு மெசேஜ் போயிருக்கும்.

போஸ்ட்கிரெஸ் எழுந்ததும் லாகில், முறையாக நிறுத்தப்படவில்லை, தானாக மீட்பு நடக்கிறது என்று வந்தது. பயப்பட வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த பேக்கப் என்பதால், திடீரென்று கரண்ட் போன மெஷின் மாதிரிதான் அது எழும். பிராக்ஸ்மாக்ஸில் டேட்டா டிஸ்க்கின் அமைப்பில் 'பேக்கப்' என்ற டிக் எடுக்கப்பட்டிருந்தால்தான் ஆபத்து, அந்த டிஸ்க்கே பேக்கப்பில் இருக்காது. உங்களுடையதை இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் நகலில், பொருள் எண்ணும் விலையும் மட்டும் கொண்ட சின்ன டேபிள் ஒன்றை உருவாக்கினேன். முழு டேபிளையும் பெயர் மாற்றிக் கொண்டுவந்தால் தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸ்களின் பெயர்கள் மோதும், இதில் அந்தத் தொல்லை இல்லை. வெளியே போக வழியில்லாத தனி பிரிட்ஜ் (பிராக்ஸ்மாக்ஸுக்குள் இருக்கும் மெய்நிகர் ஸ்விட்ச்) ஒன்றில் இரண்டு வி.எம்.களையும் இணைத்து, டேபிளை அப்படியே வெளியே எடுத்துத்தரும் பிஜி டம்ப் கருவி மூலம் அந்தச் சின்ன டேபிளை அசல் டேட்டாபேஸுக்கு எடுத்து வந்தேன். பிறகு, கமிட் கொடுக்கும் வரை மாற்றம் நிரந்தரமாகாதபடி பிகின் போட்டு, எண்ணை வைத்துச் சேர்த்து விலையைத் திருப்பி எழுதி, எத்தனை வரிசை மாறியது என்று எண்ணிப் பார்த்த பிறகே கமிட்.

மாறியது 14,208. மீதி 4 அன்று காலை புதிதாகச் சேர்த்தவை. அதிகாலை 2 மணிக்குப் பிறகு விலை மாறிய பழைய பொருட்களும் இருக்குமே என்று கடைசியாகத் திருத்திய நேரத்தை வைத்துத் தேடினேன். என் அப்டேட் அந்த நேரத்தைத் தொடாமல் விட்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று, 7 பொருட்கள் கிடைத்தன. அந்த 11-ஐயும் அக்கா கொள்முதல் பில்லைப் பார்த்து வாசிக்க வாசிக்க நான் கையால் ஏற்றினேன். 48 ரூபாய்க் கணக்கில் போயிருந்த 3 பில்லை ரத்து செய்து புதிதாகப் போட்டோம். பகல் இரண்டு மணிக்கு மறுபடி கல்லா ஓட ஆரம்பித்தது.