மஞ்சள் ஓரம்: பினாங்குப் பால்கனி நாட்குறிப்பு

12 ஜனவரி 2025, ஞாயிறு

காலையில் பால்கனியைக் கூட்டும்போதுதான் பிளாஸ்டிக் பூச்சாடியின் ஒரு பக்கம் மேலிருந்து கீழாகப் பிளந்திருப்பதைக் கண்டேன். ஆறு ஆண்டுகளாக ஒரே சாடியில் கிடந்த பாம்புச் செடி, கிழங்கு போன்ற தன் மட்டநிலத்தண்டைப் பருக்கவிட்டு, இடம் போதாமல் சாடியையே உடைத்துவிட்டது. மலாய்க்காரர்களுக்கு இது 'லிடா ஜின்', அதாவது ஜின்னின் நாக்கு; பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிக்குப் புலிவால். மாமியார் நாக்கு என்றும் சொல்வார்கள்; ஆனால், அத்தை எங்களோடு இருப்பதால் அந்தப் பெயர் எங்கள் வீட்டில் புழங்குவதில்லை.

கடலுக்கு அக்கரையில் உள்ள பட்டர்வொர்த்தில் புது வீட்டுக்குக் குடிபோகவிருக்கும் நாத்தனார், "அண்ணி, மஞ்சள் ஓரம் போட்டதாக ஒன்று எனக்கு வேண்டும்" என்று முன்பே கேட்டிருந்தாள். அந்த ஓரம்தான் இன்றைய வேலையைத் தீர்மானித்தது. பச்சையம் உள்ள திசுவும் அது இல்லாத திசுவும் அடுக்கடுக்காகச் சேர்ந்திருப்பதால்தான் இலையில் மஞ்சள் ஓரம் அமைகிறது. இலையைத் துண்டுபோட்டு நட்டால் புதுக்குருத்து உள்ளிருக்கும் பச்சைத் திசுவிலிருந்தே பிறப்பதால் ஓரம் தொலைந்துபோகும். மட்டநிலத்தண்டின் மொட்டோ அந்த அடுக்குகளை அப்படியே சுமந்து வரும். ஆகவே நாத்தனாருக்கு வேரோடு பிரித்த பங்குதான்.

சாடியைக் கத்தரித்து எடுத்து, பழைய மண்ணை உதறி, கட்டைவிரல் பருமனுள்ள தண்டைச் சமையலறைக் கத்தியால் அறுத்தேன். ஒவ்வொரு பங்கிலும் குறைந்தது இரண்டு இலைகளும் கொஞ்சம் வேரும் இருக்குமாறு பார்த்ததில் மூன்று பங்குகள் தேறின. வெட்டுவாய் உலரட்டும் என்று அவற்றை நிழலில் பழைய செய்தித்தாள்மேல் பரப்பி வைத்தேன். இழுபறியில் ஒடிந்த ஓர் இலையை வீசிவிட மனம் வரவில்லை. சுமார் 8 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஐந்து துண்டுகளாக நறுக்கி, நடும்போது தலைகீழாகிவிடாமல் இருக்க, அடிப்பக்கத்தில் மட்டும் கவட்டை போல ஒரு வெட்டு வைத்தேன்.

16 ஜனவரி, வியாழன்

வெட்டுவாய்கள் காய்ந்து தோல் கட்டிவிட்டன. பங்குகளை நட, ஆற்று மணலும் உமிக்கரியும் தேங்காய் நார்த்தூளும் சம அளவில் கலந்தேன். இந்த முறை மண்சாடிகளே. சாடி பெரிதாக இருந்தால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கிவிடும் என்பதால், வேர்க்கொத்தைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலானவற்றையே எடுத்தேன். இலைத்துண்டுகளில் மூன்றைத் தண்ணீர்க் குவளையிலும் இரண்டை மணலிலும் வைத்தாயிற்று.

13 பிப்ரவரி, வியாழன்

தைப்பூச வேலையாகத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கும் வீட்டுக்கும் அலைந்ததில், குவளைத் தண்ணீரை மாற்றி ஒன்பது நாளாகிவிட்டது. இன்று பார்த்தால் உள்ளே கொசுப்புழுக்கள் நெளிகின்றன! ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை எட்ட ஏறத்தாழ ஒரு வாரமே போதும் என்பதையும், டிங்கிக் காய்ச்சலுக்கு இந்த ஊர் எவ்வளவு அஞ்சுகிறது என்பதையும் அறிந்தும் இப்படி விட்டது என் தவறுதான். குவளையைக் காய்ந்த மண்ணில் கவிழ்த்து, அதன் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினேன். துண்டுகளில் வெள்ளை வேர்கள் கண்டிருந்ததால் அவற்றையும் மணலுக்கு மாற்றிவிட்டேன். இனிமேல் எங்கள் வீட்டில் தண்ணீர்ப் பதியன் கிடையாது.

9 மார்ச், ஞாயிறு

பங்குகள் மூன்றும் பிடித்துக்கொண்டன. இலையை மெல்ல இழுத்தால் அசைய மறுக்கின்றன. இந்தச் செடி பெரும்பாலும் இரவில்தான் இலைத்துளைகளைத் திறந்து மூச்சு வாங்குவதால் பகல் வெயிலில் அதிக நீரை இழப்பதில்லை. விரலை விட்டுப் பார்த்து, மண் அடிவரை காய்ந்த பிறகே ஊற்றுகிறேன். தினமும் ஊற்றச் சொல்லும் அத்தையிடம் இதை விளக்குவதுதான் கடினமாக இருக்கிறது. மிகச் செழிப்பான பங்கு இன்று படகேறி நாத்தனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

18 மே, ஞாயிறு

மணலில் இருந்த துண்டுகளில் ஒன்று அழுகிவிட்டது. இன்னொன்றின் அடியில் கூரிய முளை ஒன்று இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு மண்ணைக் கிழித்து நிற்கிறது. கரும்பச்சையில் சாம்பல் வரிகள் ஓடுகின்றன, மஞ்சள் இல்லை. இப்படித்தான் வரும் என்று ஜனவரியிலேயே எழுதி வைத்திருந்தும், சாடியை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, முளையின் ஓரத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தேன்.